காக்கையா, குயிலா?

விடியுமுன் நம் வீட்டோரம் கூவும் ஆண்குயிலைக் காக்கையென்றே நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். இரண்டும் கறுப்பல்லவா! கல்லெடுக்குமுன் கண்ணைப் பாருங்கள். குயிலுக்குக் கண் சிவப்பு, அலகு வெளிறிய பச்சை, வால் நீளம். வீட்டுக் காக்கைக்குக் கழுத்து சாம்பல் நிறம்; அலகு கறுப்பு. காக்கை குப்பைத்தொட்டியருகே துணிந்து நடக்கும். குயிலோ இலைகளுக்குள் மறைந்திருந்து பழம் தின்னும். தரைக்கு வருவது அரிது.

அதே மரத்தில் பழுப்பு உடலும் வெண்புள்ளிகளுமாக ஒரு பறவை இருந்தால், அதை வேறு இனம் என்போம். அதுதான் பெண்குயில்! அந்த நீண்ட கூவல் அதற்கில்லை.

காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்னவென்று, 1900ஆம் ஆண்டையொட்டி இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது இந்தக் காக்கை. இன்று அதன் கூட்டில் குயில் முட்டையிடுகிறது. ஆகவே, தொல்லையென்று நாம் கலைக்கும் காக்கைக் கூட்டில் குயில்குஞ்சும் இருக்கலாம்.