பக்கவாதம்: முதல் கேள்வி நம்மிடம்தான்

(அறக்கட்டளையின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்த என் வாப்பாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வலது கையைத் தூக்க முடியவில்லை. வாய்வுப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்தோம். சுக்குக் கஷாயம் கொடுத்தோம். மருத்துவமனைக்குப் போனபோது மதியம் ஆகிவிட்டது. எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டார். உம்மா ஒரு நேரம் சொன்னார், நான் ஒரு நேரம் சொன்னேன். அந்தக் கை பிறகு எழவே இல்லை.

மூளைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய் அடைபட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, அடைப்பா, இரத்தக் கசிவா என்று பார்த்தாக வேண்டும். கசிவில் அந்த ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. வேகமும் வேண்டும், தவறும் கூடாது.

இதை உயிருக்குப் போராடும் நோயாளியிடம் பழக முடியுமா? அதற்குத்தான் விர்ச்சுவல் ரியாலிட்டி என்னும் மெய்நிகர் பயிற்சி. கண்ணை மூடும் ஒரு கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டால், அவசரப் பிரிவு கண்முன் விரியும். கட்டிலில் நோயாளி இருப்பார். கை, கால், பேச்சைச் சோதிக்க வேண்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். எடைக்கேற்ப மருந்தைக் கணக்கிட வேண்டும். தவறினால் யாருக்கும் பாதிப்பில்லை, மறுபடி தொடங்கலாம்.

ஒத்திகைக்குப் பலன் உண்டு. நார்வேயின் ஸ்டவாங்கர் மருத்துவமனையில், இந்தக் கருவி இல்லாமல், ஊழியர்களே கூடி 2017 முதல் வாரந்தோறும் ஒத்திகை பார்த்தார்கள். நோயாளி வந்து ஊசி போடும் வரை ஆன நேரம் 27 நிமிடத்திலிருந்து 13 நிமிடமாகக் குறைந்தது. எல்லாரையும் ஒரே நேரத்தில் வேலையிலிருந்து விடுவிக்க முடியாத இடங்களில், ஒருவர் தனியாகவே பழக இந்தக் கருவி உதவும்.

ஆனால் எந்தப் பயிற்சியிலும் தொடக்கத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “இவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?” அதற்கு விடை வீட்டாரிடம்தான் இருக்கிறது. “இஷா தொழுதுவிட்டு நன்றாகப் படுத்தார், ஃபஜ்ருக்கு எழுப்பினால் பேச்சு குழறியது” என்று சொல்லுங்கள். எங்களுக்குக் கணக்கு கிடைத்துவிடும்.

வாய் கோணினால், கை துவண்டால், பேச்சு குழறினால், உடனே மணியைப் பாருங்கள். 108-ஐ அழையுங்கள். தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், புரையேறும். அவர் சாப்பிடும் மாத்திரைகளைக் கையோடு கொண்டு வாருங்கள். தானாகச் சரியானாலும் வந்துவிடுங்கள். சி.டி. ஸ்கேனும் இந்த ஊசியும் பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இருக்கின்றன என்று இன்றே விசாரித்து, வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

எங்கள் வாப்பாவுக்குத் தவறிப்போன நேரம் உங்கள் வீட்டில் யாருக்கும் தவறக் கூடாது. அதைச் சொல்லவே வந்தேன். வஸ்ஸலாம்.