பழைய மோட்டாரைத் தர்மஞ் செய்தல்



பால் வற்றிய பசுவைத் தானஞ் செய்பவனைப் பெரியோர் இகழ்ந்தனர். இக்காலத்தில் அப்பசுவின் ஸ்தானத்தைப் பழைய மோட்டார் அடைந்திருக்கிறது. புதியது வந்தவுடன் பழையதை ஓர் அனாதை இல்லத்திற்கு அனுப்பிவிட்டுப் புண்ணியம் எய்தியதாக எண்ணுகிறோம். அவ்வில்லத்தார்க்கோ டிரைவர் சம்பளமும், டயர்ச் செலவும், இன்ஷூரன்ஸுமே மிச்சம். நாமும் ஒருமுறை, வேண்டுமாவென்று கேளாமலே கொடுத்தோம். ஆறு மாதம் அது வேப்பமரத்தடியிலேயே நின்றது.

இதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. சாவியைக் கொடுத்த மாத்திரத்தில் வண்டி நம்மை விட்டு நீங்கியதாகாது. பல கை மாறிய ஒரு மோட்டார் விபத்துண்டாக்கிய வழக்கில், நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவிற் பெயர் நின்ற முதல் உடையவரையே சாருமென உச்சநீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அவர் அதனை விற்று ஆண்டுகள் கடந்திருந்தன! ஆதலின் 29, 30ஆம் எண் படிவங்களிற் கையொப்பமிட்டதோடு நில்லாது, அவை வட்டாரப் போக்குவரத்து அலுவலகஞ் சேர்ந்து, பதிவுச் சான்று இல்லத்தின் பெயருக்கு மாறியதைக் கண்ணாரக் காணல் வேண்டும்.

சொந்தக் கார் 15 ஆண்டு கடந்ததாயின் மறுபதிவுச் செலவும் உண்டு. அதனை நாமே ஏற்க மனமில்லையேல், வண்டியை விற்றுத் தொகையைச் செக்காகத் தருதல் நன்று. வருமானவரிக் கழிவு கோருவார்க்கும் அதுவே வழி. பொருளாகத் தந்த கொடை அக்கணக்கிற் சேராது.

வண்டியாகவே கொடுக்க விரும்பும் அன்பர், இல்லத்துக் காரியதரிசியை முன்னரே அழைத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுக. தர்மம் பெறுவோர் வாய்திறந்து மறுக்கக் கூசுவர். அவர் சற்றே தயங்கினும், மறு வார்த்தை பேசாது வண்டியை விற்பனைக்கு அனுப்புக.