சீட்டில் நிலைத்த பெயர்



வெள்ளிவிழாக் காணும் இந்நன்னாளில் காய்ந்த செடிகளைப் பற்றிச் சில சொல் பேச விழைகின்றேன்.

ஹெர்பேரியம் என்பது உலர் தாவரக் காப்பகம். செடியைப் பூவோடு எடுத்து, தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, கெட்டித் தாளில் ஒட்டி வைப்பர். அதன் ஓரத்தில் ஒரு சீட்டு இருக்கும். செடியின் பெயர், கிடைத்த இடம், எடுத்த நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை அச்சீட்டுக் கேட்கும். எடுத்தவரின் பிறப்பை அது கேட்பதில்லை.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், பிரெய்ரி எனும் உயர்புல் வெளியில் அமைந்த உழவர் வட்டாரம் ஸ்டோரி கவுன்டி. அங்கு ஏம்ஸ் நகரிலிருந்த வேளாண் கல்லூரிக்கு 1891இல் மாணவராக வந்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். மிசௌரியில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் அவர். முன்னர் ஒரு கல்லூரி அவரைச் சேர்க்க இசைந்து, நேரில் சென்றபோது கறுப்பர் எனக் கண்டு திருப்பியனுப்பிற்று. ஏம்ஸிலும் தொடக்கத்தில் மாணவர் பந்தியில் அவருக்கு இடமில்லை. கீழறையில் பணியாட்களுடன் உண்ண நேர்ந்தது. அவ்வலி எத்தகையது என்பதை இவ்வவைக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

எனினும் அவர் கல்வியைக் கைவிட்டாரல்லர். பேராசிரியர் லூயி பேமலின் துணைவராய்த் தாவரங்களையும், அவற்றைத் தாக்கும் பூஞ்சைகளையும் சேகரித்து ஆராய்ந்தார். 1894இல் இளநிலைப் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பூஞ்சை இனங்கள் சிலவற்றுக்கு அறிஞர்கள் பின்னர் அவர் பெயரையே சூட்டினர்.

ஐயோவாவின் பழைய புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இன்று எஞ்சவில்லை. ஏர் அதனை விளைநிலமாக்கிவிட்டது. அங்கே எச்செடி நின்றது, எந்நோய் கண்டது என்று ஆராய்வோர் அக்காலத்துச் சீட்டுகளையே சான்றாகக் கொள்ள வேண்டும். பந்தியில் இடம் மறுக்கப்பட்டவரின் பெயர் அச்சான்றுகளிடையே அழியாது நிற்கின்றது.

மாணவச் செல்வங்களே! மண்ணில் உழைப்போர்க்குச் செடிகளைப் பற்றிய அறிவு மிக உண்டு. ஆயின் எழுதப்படாத அறிவு, அறிந்தவரோடு மறையும். அன்றேல் பிறர் அதனைத் தமதென்பர். ஆதலின், உம் பாட்டனும் பாட்டியும் அறிந்தவற்றைக் கேளுங்கள். இடமும் நாளும் குறித்து, சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள். கல்வி நமக்குத் தந்த எழுதுகோலுக்கு அதனினும் சிறந்த பணியில்லை.