பொன்னியின் செல்வனும் நம் வழக்கும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிக்குலேஷன் வரை படித்து, இரயில்வே அலுவலகக் கோப்புகளோடு காலம் கழிக்கும் எம்மை இலக்கியம் பேச அழைத்தது சங்கத்தாரின் பெருந்தன்மை. அதற்கு எமக்குத் துணிவில்லை. இலக்கியத்தைப் படமாக்கினால் நம்மவர் தொடுக்கும் வழக்கைப் பற்றிப் பேசுவோம். அதில் நம் எல்லோருக்கும் அனுபவம் உண்டு.

கல்கியின் "பொன்னியின் செல்வன்" தொடர்கதை 1954-இல் நிறைவுற்றது. 1958-இல் எம்.ஜி.ஆர். படமாக்க முனைந்தும் கைகூடவில்லை. மணிரத்னத்தின் முதற்பாகம் வெளிவந்தது 2022 செப்டம்பர் 30-இல். இந்த 68 ஆண்டுகளில் ஒவ்வொரு வாசகரும் தம் மனத்துக்குள்ளேயே வேடங்களைப் பங்கிட்டு முடித்துவிட்டார். ஆகவே, நந்தினியாக ஐசுவரியா ராய் நடிக்கிறார் என்ற செய்தி வந்ததுமே தில்லித் தமிழர் இரு கட்சியாயினர். தமிழ்ப் பெண் ஒருத்தி கிடைக்கவில்லையா என்பது ஒரு கட்சியின் ஆத்திரம்.

கொத்தமங்கலம் சுப்பு விகடனில் எழுதிய "தில்லானா மோகனாம்பாள்" கதையில், கோபுலுவின் சித்திரத்தில் மோகனாவைக் கண்டவர்கள் பல்லாயிரவர். 1968-இல் ஏ. பி. நாகராஜன் அதைப் படமாக்கியபோது, திருவனந்தபுரத்தில் பிறந்த பத்மினி மோகனாவானார். இன்று வேறொரு மோகனாவை நம்மால் நினைக்க இயலுமா? ஊர் கேட்டு வேடம் கொடுப்பது கலைக்குப் பொருந்தாது. அதிலும், ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நாம் அதைச் சொல்லலாகாது.

அடுத்த வழக்கு, விடுபட்டவை பற்றியது. ஐந்து பாகக் கதை ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்தில் அடங்கவேண்டும். விரைவு வண்டி எல்லா நிலையங்களிலும் நிற்பதில்லை. அதை எம்மைவிட அறிந்தவர் யார்? ஆயினும், சந்திப்பு நிலையத்தில் நில்லாது போகலாமா? கடம்பூர் மணிமேகலை படத்தில் இல்லை. வந்தியத்தேவன்மீது காதல் கொண்டு வாடிய அந்தப் பேதைக்குத்தான் கல்கி தம் கதையின் இறுதிக் கண்ணீரை ஒதுக்கினார். அவளை நீக்கியது குறைதான். இவ்வழக்கில் யாம் வாதியின் பக்கமே.

மூன்றாம் பாகம் வராதா என்று ஏங்குவோரும் உளர். இவ்வேட்கை பழையது. கதை முடிந்தபோதே, பின்னர் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கல்கியைக் கேட்டார்கள். அவர் முடிவுரையில் விடை கூறினார். அதுவும் போதாமல் விக்கிரமன் "நந்திபுரத்து நாயகி"யை எழுதினார். படத்துக்குத் தொடர்ச்சி கேட்போர் முதலில் அதைப் படிக்கட்டுமே!

ஆனால், யார் படிப்பது? தலைநகரில் வளரும் நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுவர். எழுத்துக் கூட்டவும் அறியார். எம் மகளும் திரையின் அடியில் ஓடிய ஆங்கில வரிகளைப் படித்தே கதையைப் பின்பற்றினாள். நாமோ, "புத்தகத்தில் இப்படி இல்லை" என்று இருட்டில் முணுமுணுத்துக் கொண்டிருந்தோம். இடைவேளையில் அவள், "இல்லையென்றால் எப்படி இருக்கிறது? சொல்லுங்கள் அப்பா" என்றாள்.

அன்று முதல் இரவு உணவுக்குப் பின் ஒரு அத்தியாயம் வாய்விட்டு வாசிக்கிறோம். புரியாத சொல்லுக்கு நிறுத்துவாள். அலுவலகக் களைப்பில் யாம் ஒரு பத்தியைத் தாண்டினாலும் கண்டுபிடித்துவிடுவாள். இப்போது மூன்றாம் பாகத்தில் இருக்கிறோம். மணிமேகலையை அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முடிவை யாம் இன்னும் சொல்லவில்லை.