நோயும் சொல்லும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

    

ஆண்டு விழா மேடையில் இலக்கியச் சுவை பேசுதலே மரபு. இன்று அம்மரபினின்றும் சிறிது விலகி, நோய், நோயறிதல், சிகிச்சை ஆகியவற்றைக் குறிக்கும் எளிய சொற்களைப் பற்றிப் பேச விழைகின்றோம். தெலுங்கு நாட்டில் வாழும் தமிழராகிய நமக்கு இது புலவர்க்குரிய ஆராய்ச்சி மட்டும் அன்று. உயிரோடு தொடர்புடைய செய்தி. அதனை நாம் நூலிற் கற்கவில்லை, பட்டறிந்தோம்.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடவெல்லையாகக் கூறும் வேங்கடத்தின் அடிவாரமே அலிபிரி. இங்கிருந்து ஏறத்தாழ 3550 படிகள், ஒன்பது கிலோமீட்டர் தொலைவு, மலைமேல் செல்கின்றன. வழியிலுள்ள செங்குத்தான ஏற்றத்திற்குத் தெலுங்கர் மோகால்ல மெட்டு என்று பெயரிட்டிருக்கின்றனர். மோகாலு என்பது முழங்கால். ஏறுவோர் எந்த உறுப்பை நினைந்து வருந்துவர் என்பதைப் பெயரே கூறிவிடுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் உறவினராகிய முதியவர் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து இப்படிகளில் ஏறி இறங்கினார். மறுநாள் உடல்நலங் குன்றவே, மருத்துவமனை ஒன்றிற்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் அன்புடன், “ஆயாசம் வஸ்துந்தா?” என்று வினவினார். படியேறிய பெருமிதத்தில் இருந்த முதியவர், “ஆயாசமா? எனக்கா? இல்லவே இல்லை” என்றார். மருத்துவர் முழங்கால் வலிக்கு மருந்தெழுதி அனுப்பினார்.

தமிழில் ஆயாசம் என்பது களைப்பு. தெலுங்கிலோ அது பெரும்பாலும் மூச்சிரைப்பைக் குறிக்கும். மருத்துவர் வினவியது மூச்சை. முதியவர் மறுத்தது களைப்பை. உண்மையில் அவர் இரண்டு இரவுகளாகப் படுக்க இயலாமல் உட்கார்ந்தே உறங்கியிருந்தார். இதயம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் தேங்கும். படுத்தால் மூச்சு முட்டும். எழுந்து உட்கார்ந்தால் சிறிது தணியும். இஃது ஒரு முதன்மையான அறிகுறி. இரண்டு நாள் கழித்து, வேறொரு மருத்துவமனையில் இதயத் தளர்ச்சியென்று கண்டறிந்தனர். நல்வினைப் பயனாக அவர் பிழைத்தார்.

குற்றம் மருத்துவரிடத்தில் இல்லை. அவர் கேட்க வேண்டியதையே கேட்டார். முதியவரிடத்திலும் இல்லை; அவர் தம் மொழியில் உண்மையே உரைத்தார். உடனிருந்த நமக்கு இரு மொழியும் தெரியும். இருந்தும் தமிழ்ப் பொருளையே மனத்திற் கொண்டு வாளா நின்றோம். அக்குறை நம்முடையதே.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை நினைவுகூருங்கள். நோய் இன்னது, அதன் காரணம் இன்னது, தணிக்கும் வழி இன்னது என முறையே ஆராய்ந்து, பின்னரே சிகிச்சை செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. மருத்துவத்திற்கு நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து துணைபுரிபவரையும் ஓர் உறுப்பாக அவர் கூறுகின்றார். வேற்று மொழி நாட்டில் அந்த நான்காம் உறுப்பின் கடமை கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதோடு முடியாது; சொல்லின் பொருளைக் காப்பதும் அவர் கடமையாகும்.

தமிழும் தெலுங்கும் உடன்பிறந்த மொழிகள். நம் மருந்து அவர்க்கு மந்து. நம் புண் அவர்க்குப் புண்டு. நம் சீழ் அவர்க்குச் சீமு. நோய் என்னும் சொல்லின் உறவாகிய நொப்பி அவரிடம் வலியைக் குறிக்கின்றது. குருதிக்குப் பழந்தமிழில் நெய்த்தோர் என்றொரு பெயருண்டு. நாம் அதனை மறந்தோம். தெலுங்கர் இன்றும் நெத்துரு என்கின்றனர். இவ்வுறவு நமக்கு மகிழ்ச்சி தருவதே. ஆயினும் உறவினர் போலத் தோன்றி வழிமாற்றும் சொற்களும் சில உள.

வயிறு ஊதியிருப்பதை நாம் உப்புசம் என்போம். தெலுங்கில் உப்பசம் என்பது ஆஸ்துமா. எழுத்தில் ஒரு சிறு வேறுபாடு. நோயிலோ வயிற்றுக்கும் நுரையீரலுக்கும் உள்ள வேறுபாடு. வயிற்று உப்புசத்தை அவர்கள் கடுபு உப்பரம் என்பர்.

நினைவிழந்து விழுவதை நாம் மூர்ச்சை என்போம். தெலுங்கில் மூர்ச்ச என்பது வலிப்பு நோய்க்கும் பெயர். வெயிலில் படியேறி மயங்கி விழுந்தவரை, “மூர்ச்சையானார்” என்று நாம் கூறினால், கேட்பவர் காக்கை வலிப்பென்று கருதக்கூடும். “ஸ்ப்ருஹ தப்பிந்தி” என்பதே நினைவு தப்பியதற்குரிய தொடர். கை கால் இழுத்துக்கொண்டதா, இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.

குண்டெ என்றால் தெலுங்கில் இதயம். தமிழில் குண்டிக்காய் என்பதோ சிறுநீரகம். பச்ச காமெர்லு என்றால் மஞ்சட்காமாலை. நமக்குப் பச்சையாவது அவர்க்கு மஞ்சளையும் குறிக்கும். நாம் கூறும் களைப்புக்கு அவர் சொல் நீரசம். மூச்சு முட்டினால் “ஊபிரி ஆடடம் லேது” என்க.

இனி, சொல்லும் முறையைப் பற்றி ஒன்று. நோய் வேறு, நோயின் குறி வேறு. காய்ச்சல் ஒரு குறி. அதனை விளைப்பது மலேரியாவாகவும் இருக்கலாம், டைபாய்டாகவும் இருக்கலாம். சித்த மருத்துவர் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எட்டினால் நோயைத் தேர்ந்தனர். அவ்வெட்டனுள் மொழியும் ஒன்றாக இருத்தல் காண்க. இன்று குருதிச் சோதனையும் ஊடுகதிர்ப் படமும் வந்துவிட்டன. ஆயினும் எந்தச் சோதனையைச் செய்வதென்று மருத்துவர்க்கு வழிகாட்டுவது நோயாளியின் வாய்மொழியே. ஆகவே, “எனக்கு வாயுக் கோளாறு” என்று நாமே நோய்க்குப் பெயரிட்டுக் கொண்டு போதல் தகாது. நெஞ்சில் எங்கே வலிக்கின்றது, எப்பொழுது தொடங்கியது, நடந்தால் மிகுமா, இருந்தால் தணியுமா, கைக்கோ தாடைக்கோ பரவுமா, வியர்வை உண்டா என்று உணர்ந்தவற்றை உணர்ந்தவாறே கூறுதல் வேண்டும். உண்டுவரும் மருந்துகளையும், ஒவ்வாத மருந்துகளையும் மறைத்தலாகாது. ஒவ்வாமைக்கு அலர்ஜி என்பது இரு மொழியினரும் அறிந்த சொல்.

மருத்துவத்தைத் தமிழில் சொல்ல இயலுமா என்னும் ஐயம் பழையது. அதற்கு விடை கண்டவருள் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் புரிந்த அவர், தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்தார். 1867இல் ‘இரணவைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என நூல்கள் வெளிவந்தன. சொல் வேண்டியவிடத்து முதலில் தமிழிலும், பின்பு வடமொழியிலும் தேடி, இரண்டிலும் கிடைக்காதபொழுதே ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பெயர்த்தார். பின்னர் 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் ‘கலைச்சொற்கள்’ நூலை வெளியிட்டது. கிறீன் கடல் கடந்து வந்து நம் மொழியைக் கற்றது, படுக்கையில் கிடப்பவர் மொழியில் மருத்துவர் பேச வேண்டும் என்பதற்காகவேயன்றோ? அவர் அத்துணைப் பாடுபட்டிருக்க, பக்கத்து வீட்டு மொழியில் ஐம்பது சொற்களைக் கற்க நாம் சோம்பியிருத்தல் நன்றோ?

திருப்பதிக்கு மருத்துவ வசதி குறைவன்று. 1960இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும், 1993 முதல் இயங்கும் ஸ்விம்ஸ் மருத்துவமனையும் இந்நகரில் உள்ளன. 108 என்னும் அவசர ஊர்தி எண் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் ஒன்றே. மருத்துவரும் மருந்தும் இருக்க, இடையிலே சொல் தவறி ஓர் உயிர் போகலாகாது.

ஆதலின் சங்கத்தார்க்கு இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று: நோயின் குறிகளைப் பற்றிய ஐம்பது சொற்களைத் தமிழிலும் தெலுங்கிலும், இரு எழுத்திலும், ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வோர் இல்லத்திற்கும் வழங்குக. வழிமாற்றும் சொற்களைச் சிவப்பு மையில் அச்சிடுக. நம்மிடையே உள்ள தெலுங்கு மருத்துவ நண்பர் ஒருவர் பார்த்துத் திருத்திய பின்னரே அது வெளிவருக. இரண்டு: இரு மொழியும் வல்ல இளைஞர் சிலர், தனித்து வரும் தமிழ் நோயாளர்க்கு மருத்துவமனையில் உடன் நிற்க முன்வருக. அவர்கள் நோயாளியின் சொல்லை மாற்றாமல், கூட்டாமல், குறையாமல் எடுத்துரைப்பாராக. பொருள் ஐயமானால், மீண்டும் கேட்க நாணாதிருப்பாராக.

அன்று மருத்துவரிடம், “ஐயா, நீங்கள் கேட்பது களைப்பையா, மூச்சையா?” என்று ஒரு வினா வினவியிருந்தால் போதும். நாம் வினவவில்லை. நீங்கள் வினவுங்கள்.