திரையும் திண்ணையும்



இணையவழிக் கல்வி வருமா, வாராதா என்னும் வினாவுக்கு இனி இடமில்லை, அது வந்துவிட்டது. அது யாருக்கு, எம்மொழியில், எம்முறையில் நடைபெறல் வேண்டும் என்பதே இன்றைய வினா.

இத்துறையில் தமிழ் பின்தங்கி நின்ற மொழியன்று. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு, கணினிக்கு உரிய பொதுவான தமிழ் விசைப்பலகைக்கு வழிகண்டது. 2001இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், கடல்கடந்து வாழும் தமிழர்தம் பிள்ளைகள் இருந்த இடத்திலிருந்தே தமிழ் பயில வாயில் திறந்தது.

ஆயினும், 2020இல் மகுடைத் தொற்றால் பள்ளிகள் மூடியபோது உண்மை வெளிப்பட்டது. 2019இல் தமிழ்நாட்டரசு தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி வழியே பாடங்கள் வீடுகளுக்குச் சென்றன. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் கைப்பேசியில் ஆசிரியர் குரல் நாள்தோறும் கேட்டது. உழைப்பாளி வீட்டிலோ, இருந்த ஒரே கைப்பேசியும் பகலில் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும்! தொலைக்காட்சியோ ஒருவழிப் பேச்சு. பிள்ளை விளங்காமல் விழிப்பதை அது காணாது.

தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் ஏறத்தாழ 19,000 சிறுவரை ஆய்ந்தோர், 2019ஆம் ஆண்டு நிலையோடு ஒப்பிட்டு, 2021 இறுதியில் தமிழினும் கணக்கில் இழப்பு மிகுதி எனக் கண்டனர். பள்ளிகள் திறந்தபின் ஆறு திங்களில் அவ்விழப்பில் மூன்றில் இரு பங்கு மீண்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யின் பயன் என அவர்கள் கணித்தனர். அதன் உயிர் எதில் இருந்தது? மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், சிறு குழு, அவ்வூரை அறிந்த தொண்டர் ஒருவர். அவ்வளவே!

அங்ஙனமாயின் பொறியைத் தூக்கி எறிவதா? அது பேதைமை. குருதியோட்டத்தையும் கோள்களின் சுழற்சியையும் திரை கண்முன் காட்டும். விளங்காத பகுதியைச் சலியாது பன்முறை சொல்லும். பிள்ளை ஏன் பிழை செய்தது என முகம் பார்த்து அறிவதோ ஆசிரியர் தொழில். இவ்விரண்டும் இணைந்த கல்வியே வருங்காலத்துக்கு உரியது.

இனி, செயற்கை நுண்ணறிவு ஆசிரியர்க்குத் துணையாக வருகின்றது. அது தனக்கு இடப்பட்ட எழுத்திலிருந்தே கற்கின்றது. நல்ல தமிழில் அறிவியலும் கணக்கும் எழுதிக் குவிக்கப்படாவிடின், அது பிறமொழிச் சிந்தனையைத் தமிழெழுத்தில் பெய்து தரும். பிள்ளைகள் அதனையே தமிழென நம்புவர்.

ஆதலின், ஆசிரியர்கள் தம் பாடங்களை நல்ல தமிழில் எழுதி இணையத்தில் ஏற்றுக! இணைப்பு அறுந்த போதும் இயங்குமாறு அவற்றை வல்லுநர் அமைக்க! ஊர் நூலகந்தோறும் ஏழைப் பிள்ளைக்கு ஒரு கணினி கிடைக்கச் செய்க! கற்றோர் மாலையில் ஒரு மணி நேரம் திண்ணையில் அமர்க!

திரை ஒளி தரட்டும். திண்ணை உயிர் தரட்டும். இரண்டிலும் தமிழே ஒலிக்கட்டும்!