சவேரியார் என்னும் பெயர்
(இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக இவ்வவையில் சங்கப் பாடல்களையும் சிறுகதைகளையும் பேசி வந்திருக்கிறோம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரே ஓர் ஆட்பெயர். இலக்கியக் கூட்டத்தில் இதற்கென்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். அயல்மொழிச் சொல்லொன்றை ஒரு மொழி தன் வாய்க்கும் மரபுக்கும் ஏற்ப எப்படி மாற்றிக்கொள்கிறது என்பதை ஆட்பெயர்களில் தெளிவாகக் காணலாம். அதனால்தான் இதைத் தேர்ந்தேன். வேறொரு காரணமும் உண்டு. அதைப் பிற்பகுதியில் சொல்கிறேன்.

திரிதெந்தின் பொதுச்சங்கத்தைத் தொடர்ந்து 1566இல் வெளிவந்த உரோமை மறைக்கல்வி நூல், குழந்தைக்குப் புனிதர் ஒருவரின் பெயரை இடுமாறு அறிவுறுத்தியது. புனிதரோ பலர்; பெயரோ சில. யோவான் என்று மட்டும் சொன்னால் திருமுழுக்குக் கொடுத்தவரா, நற்செய்தி எழுதியவரா, வேறொருவரா என்பது விளங்காது. ஆகவே அடைமொழியும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிரான்சில் ழான்-பாப்திஸ்த், இத்தாலியில் ஜாம்பத்திஸ்தா, ஸ்பெயினில் ஹுவான் பௌதிஸ்தா, ஜெர்மன் நாடுகளில் யோஹான் பாப்டிஸ்ட் என வழங்கியவையெல்லாம் ஒருவரையே குறிக்கும். 1756 ஜனவரி 27ஆம் நாள் பிறந்த இசைமேதை மோட்சார்ட்டின் திருமுழுக்குப் பெயர் 'யோவான் கிறிசோஸ்தோம்' என்றே தொடங்குகிறது. அந்நாள் அன்றைய நாட்காட்டியில் கிறிசோஸ்தோம் திருநாள். அச்சொல்லுக்குப் 'பொன்வாயர்' என்று பொருள்.

இவ்வகைப் பெயர்களுள் என் நெஞ்சுக்கு நெருக்கமானது பிரான்சிஸ்கு சவேரியார். இப்பெயரைப் பிரித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அசிசி நகரப் புனிதருக்குத் திருமுழுக்கில் இட்ட பெயர் ஜொவான்னி. துணி வணிகரான தந்தை அவரைப் 'பிரான்செஸ்கோ', அதாவது பிரெஞ்சுக்காரன், என்று அழைத்தார். அதுவே உலகெங்கும் ஒரு பெயராகப் பரவிவிட்டது. சவேரியார் என்பதோ ஓர் ஊர்ப்பெயர். 1506இல் அவர் பிறந்த கோட்டை நவார்ரா நாட்டின் ஹவியேரில் உள்ளது. பாஸ்கு மொழியில் 'எச்செ பெர்ரி' என்றால் புதுவீடு. அதன் திரிபே அவ்வூர்ப்பெயர். நேர்ப்பொருள் கொண்டால் 'புதுவீட்டுப் பிரெஞ்சுக்காரர்' என்றாகிறது. ஆனால் அவர் பிறப்பால் பிரெஞ்சுக்காரருமல்லர். வீட்டில் தங்கி வாழ்ந்தவருமல்லர். சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில் 1552 டிசம்பர் 3ஆம் நாள் அவர் இறந்தார்.

1622இல் இஞ்ஞாசியார், தெரேசம்மாள் ஆகியோருடன் இவருக்கும் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அதன்பின் இந்த ஊர்ப்பெயர் ஐரோப்பாவெங்கும் குழந்தைகளின் பெயராயிற்று. ஒலியைக் கவனியுங்கள். அக்காலத்து ஸ்பானிய மொழியில் அம்முதலெழுத்தின் ஒலி 'ஷ' போன்றது. பின்னர் அது தொண்டையடிக்குச் சென்று 'ஹவியேர்' ஆயிற்று. போர்ச்சுகீசியர் 'ஷவியேர்' என்பதையே காத்துக்கொண்டனர். இத்தாலியர் சவேரியோ என்றனர். ஜெர்மானியர் க்ஸாவர் என்றனர். போலந்தியர் க்ஸவேரி என்றனர். 'அமைதியான இரவு' என்னும் கிறிஸ்து பிறப்புப் பாடலுக்கு 1818இல் மெட்டமைத்தவர் ஃபிரான்ஸ் க்ஸாவர் குரூபர். பெண்களும் இப்பெயரைத் தரித்தனர். இத்தாலியக் கன்னியாகிய காப்ரினி அம்மையார் சவேரியாரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

1542இல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார்; மொழிபெயர்ப்பாளர் துணையோடு தமிழ்ச் செபங்களை மனப்பாடம் செய்தார். அவர் பெயரைத் தமிழர் சகரத்தில் தொடங்கினர். இன்று ஆங்கில வழியில் சொல்லும் 'சேவியர்' என்பதைவிடப் பாட்டிமார் சொன்ன 'சவேரியார்' என்பதே பழைய ஒலிக்கு அண்மையில் நிற்கிறது என்பது என் கருத்து. தமிழ் அங்கேயே நின்றுவிடவுமில்லை. சவரிமுத்து, சவரிராயன், சவேரியம்மாள் எனத் தன் ஈறுகளை ஒட்டிக்கொண்டது. பிரதாப முதலியார் சரித்திரம் தந்த வேதநாயகம் பிள்ளையின் தந்தையார் பெயர் சவரிமுத்துப் பிள்ளை என்பதை இவ்வவை அறியும்.

இங்கே ஓர் இலக்கணக் குறிப்பு. ஸ்பானியரிடத்தில் ஹொசே மரியா என்றால் ஆண். மரியா ஹொசே என்றால் பெண். முற்பெயரே பாலைத் தீர்மானிக்கிறது. தமிழில் மரியசூசை ஆண், சூசைமரியாள் பெண். நம் தொகைச்சொல்லில் பின்மொழியே தலைமையாதலால் வரிசை தலைகீழாகிவிட்டது. பெயரை வாங்கிய தமிழர் இலக்கணத்தை வாங்கவில்லை! சூசை என்னும் சொல் ஹொசே, ஜொசே என்பனவற்றின் தமிழ் வடிவம் என்பதை நினைவிற் கொண்டால் இதன் சுவை மிகும்.

இனி, முன்பு சொன்ன வேறொரு காரணத்துக்கு வருகிறேன். என் தந்தையாரின் பெயர் ஞானஸ்நான ஏட்டில் இலத்தீனில் 'பிரான்சிஸ்குஸ் சவேரியுஸ்' என்றிருந்தது. வீட்டிலும் நிலப்பத்திரத்திலும் சவரிமுத்து. பள்ளியில் சேர்த்த ஆசிரியர் 'பிரான்சிஸ் சேவியர்' என்று எழுதிவிட்டார். வேலையிலும் அப்பெயரே தொடர்ந்தது. அவர் காலமானபின் குடும்ப ஓய்வூதியத்துக்கு என் தாயார் விண்ணப்பித்தார். அலுவலகத்தில் தாள்களைப் புரட்டிய எழுத்தர், "அம்மா, இதிலே மூன்று பேர் இருக்கிறார்களே, செத்தவர் யார்?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை; உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். பதினான்கு மாதம் அலைந்தோம். பங்குக் குருவானவர் மூன்று வடிவங்களும் ஒரே புனிதரின் பெயரே என்று விளக்கி எழுதித் தந்தார். அந்தக் கடிதத்துடன் உறுதிமொழிப் பத்திரமும் வைத்த பிறகே பணம் வந்தது. அந்தப் பதினான்கு மாதமும் தாயார் பக்கத்து வீட்டாரிடம் கடன் வாங்கி அடுப்பெரித்தார்.

அந்த எழுத்தரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நம் பிள்ளைகளுக்கே இப்போது தெரிவதில்லை. கத்தோலிக்கர் வழக்கில் பவுலைச் சின்னப்பர் என்றும், யோவானை அருளப்பர் என்றும், பேதுருவை இராயப்பர் என்றும் சொல்லி வந்தோம். பவுல் என்பதற்கு இலத்தீனில் சிறியவர் என்று பொருள். யோவான் என்பதற்கு எபிரேயத்தில் ஆண்டவர் அருளினார் என்று பொருள். ஆகவே அவை ஒலிபெயர்ப்பல்ல, மொழிபெயர்ப்பு. 1978இல் இரண்டாம் ஜான் பால் திருத்தந்தையானபோது 'இரண்டாம் அருள் சின்னப்பர்' என்றே நம்மவர் எழுதினர். சபைகள் இணைந்து ஆக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தபோது யோவான், பவுல், பேதுரு என்னும் வடிவங்கள் நிலைபெற்றன. ஒற்றுமைக்கு அது வேண்டியதே. நான் அதை எதிர்க்கவில்லை. ஆயினும் சின்னப்பன் என்பவர் பவுலின் பெயரைத் தாங்கியவர் என்பதை அறியாத தலைமுறை வந்துவிட்டது. வட்டத்து இளைஞர்கள் தத்தம் ஊர்க் கோயில் ஏடுகளிலிருந்து இப்பெயர்களையும் அவற்றின் இலத்தீன் வடிவங்களையும் ஒரு பட்டியலாகத் தொகுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஏடுகளின் தாள்கள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன.

தந்தையாரின் கல்லறையில் எந்தப் பெயரைப் பொறிப்பது என்று நாங்கள் உடன்பிறந்தோர் வெகுநேரம் விவாதித்தோம். அரசு ஏட்டில் உள்ளபடி இருக்கட்டும் என்றார் அண்ணன். மூன்றையும் போடலாம் என்றேன் நான். தாயார் மட்டும், "நான் கூப்பிட்டதில்லை; ஊர் கூப்பிட்ட பெயரைப் போடுங்கள்" என்றார். சவரிமுத்து என்று பொறித்தோம்.